‘வேண்டாம்’ என்றால் பாத்திரத்தை எடுத்துவிடுவார்கள்

வாசகர் கேள்வி – பதில்

சில இதழ்களுக்கு முன்னர், ஜேர்மனியில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து பிள்ளைகளுக்கு டொச் மொழி கற்பித்துவரும் என்னிடம், ‘ஓ பேர்’ என்றால் என்னவென்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது பிரெஞ்சுச் சொல் என்றும், ‘சமநிலையில்’ என்பது அதன் பொருள் என்றும், இளையவர் ஒருவர் வேற்றுநாட்டுக் குடும்பத்தில் ஓராண்டு வரை தங்கி, அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அந்நாட்டு மொழியைப் படிக்கும் ஏற்பாடு அது என்றும், 1969ஆம் ஆண்டிலேயே ஸ்திராஸ்பூர்க் நகரில் இதற்கென ஐரோப்பிய உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது என்றும் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதன் பின்னர் வந்த கடிதங்களுள் நான்கை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது கடிதம் சற்று நீளமானது. அதற்கான பதிலும் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: அன்புள்ள அக்காவிற்கு, நான் விசுவமடுவைச் சேர்ந்தவள், வயது 21. உயர்தரம் எழுதிய பின்னர் வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் தங்கி டொச் படித்து, அம்மொழியின் முதற்படியான ஏ1 பரீட்சையில் சித்தியடைந்து, ஏழு வாரங்களுக்கு முன்னர் மூன்ஸ்டர் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூருக்கு ஓ பேராக வந்து சேர்ந்தேன். வீட்டில் ஏழு வயதுப் பையனும் மூன்றரை வயதுப் பெண்பிள்ளையும் இருக்கிறார்கள். யாரும் என்னை ஏசவில்லை. ஆனால் இரவில் அழுகை வருகிறது. இரவுச் சாப்பாடு பாணும் சீஸுந்தான். பல நாள் பசியோடு படுக்கிறேன். முதலில் பிள்ளைகளின் உடுப்புகளை மட்டும் அழுத்தினேன். இப்போது முழு வீட்டாரின் உடுப்புகளும் என் மேசைக்கு வருகின்றன. மேல்மாடியில் தனியாக இருக்கும் அப்பம்மாவின் வீட்டையும் வெள்ளிக்கிழமைகளில் நானே துடைக்கிறேன். பையனோ ‘நீ என் அம்மா இல்லை’ என்கிறான். அப்பாவிடம் சொன்னால், கடன்பட்டு அனுப்பியதை நினைவூட்டுகிறார். நான் என்ன செய்வது? – வாசகி, விசுவமடு

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அதில் நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போயிருக்கும் பசியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் மற்றவற்றுக்கான காரணமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நம்முடைய ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால், சாப்பிடுங்கள் என்று சொன்னதும் கோப்பையை நீட்டுபவர் யாரும் இல்லை. முதலில் வேண்டாம் என்போம், பிறகு இப்போதுதான் சாப்பிட்டேன் என்போம், மூன்றாவது தடவை அந்த வீட்டுப் பெரியவர் கையைப் பிடித்து இருத்தியதன் பின்னர்தான் புட்டை ஒரு பக்கமாகக் கிள்ளத் தொடங்குவோம். வற்புறுத்துவது அவர்களுடைய கடமை, மறுப்பது நம்முடைய மரியாதை. ஜேர்மனியில் அந்த இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் வரமாட்டா. நீங்கள் வேண்டாம் என்றால் அவர்கள் உங்கள் சொல்லை மதித்துப் பாத்திரத்தை எடுத்து அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். வற்புறுத்துவதைத்தான் அவர்கள் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். இதைவிட நுணுக்கமான ஒரு பொறியும் உண்டு. உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நீட்டும்போது நம்முடைய பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ‘டாங்கே’ என்று சொல்லிவிடுவார்கள். நன்றி, தாருங்கள் என்ற எண்ணத்தில். ஆனால் உணவை நீட்டுகிறபோது தனியே சொல்லப்படும் ‘டாங்கே’ பெரும்பாலும் ‘நன்றி, போதும்’ என்றுதான் அங்கே விளங்கிக்கொள்ளப்படும். வேண்டுமென்றால் ‘யா, கேர்ன’ என்று சொல்ல வேண்டும். இதை ஏ1 வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நான் போன முதல் மாதத்தில், பக்கத்து வீட்டு அம்மையார் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்து, நான் நான்கு தடவை ‘டாங்கே’ சொல்லி, நான்கு தடவையும் பாத்திரம் என்னைக் கடந்துபோக, வீட்டுக்கு வந்து பழஞ்சோற்றில் வெங்காயத்தை வெட்டிப்போட்டுச் சாப்பிட்டேன். மறுநாள் அவர் மற்றவர்களிடம், அந்தப் பெண் மிகக் குறைவாகச் சாப்பிடுகிறாள் என்று வருத்தப்பட்டாராம்.

ஆகவே நாளைக்கே அந்த வீட்டுத் தாயிடம், ‘இஹ் ஹாபே ஆபென்ட்ஸ் ஹுங்கர்’, எனக்கு இரவில் பசிக்கிறது என்று சொல்லுங்கள். அங்கே பல வீடுகளில் சூடான சாப்பாடு மதியத்தில்தான். இரவில் பாணும் சீஸும் ஊறுகாய்க் கெக்கரிக்காயும் மேசைக்கு வரும். அது உங்களுக்குக் குறைத்துத் தந்த சாப்பாடு இல்லை. அவர்களும் அதையே சாப்பிடுகிறார்கள். மதியச் சோற்றில் ஒரு பங்கை எடுத்துவைத்து இரவில் சூடாக்கிச் சாப்பிடலாமா என்று கேளுங்கள். கிழமையில் ஒரு நாள் நீங்களே பருப்பும் கிழங்குக் கறியும் சமைக்கலாமா என்றும் கேளுங்கள். தூளை மட்டும் பாதிக்குப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். சமைப்பதற்கு முன்னர் சன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். கடுகு தாளிக்கும் மணம் அலுமாரியில் தொங்கும் குளிர்கால மேலங்கியில் ஏறினால் ஒரு கிழமைக்கு இறங்காது.

இனி வேலையைப் பார்ப்போம். நீங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வையுங்கள். ஜேர்மனியின் விதிகளின்படி ஓ பேர் ஒருவர் நாளொன்றுக்கு 6 மணித்தியாலத்துக்கும் கிழமைக்கு 30 மணித்தியாலத்துக்கும் மேல் வேலை செய்யத் தேவையில்லை. பெற்றோர் வெளியே போகும் இரவில் பிள்ளைகளுக்குத் துணையாக வீட்டில் இருப்பதும் அந்த 30க்குள்தான் அடங்கும். கிழமையில் ஒன்றரை நாள் ஓய்வும், நான்கு மாலைப்பொழுதுகள் உங்களுக்கென்றும் இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுதாக உங்களுடையதாக அமைய வேண்டும். கைச்செலவுக்கு மாதம் 280 யூரோவும், மொழி வகுப்புக்கென மாதம் 70 யூரோவும் அவர்கள் தரவேண்டியவை. நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் விடுமுறையில் இருந்தாலும் அந்த 280 குறையக்கூடாது. ஓராண்டுக்கு நான்கு கிழமை விடுமுறை உண்டு. நோய், விபத்து, பிறருக்கு நேரும் சேதம் ஆகியவற்றுக்கான காப்புறுதியை அந்த வீட்டாரே எடுத்துக் கட்ட வேண்டும்.

பிள்ளைகளைப் பார்ப்பதும், அவர்களுடைய உடுப்பைத் தோய்த்து அழுத்துவதும், காலைச் சாப்பாட்டை எடுத்து வைப்பதும், வீட்டைச் சற்று ஒழுங்காக வைக்கக் கைகொடுப்பதும் ஓ பேருக்குரிய வேலைகள். முழு வீட்டாரின் சட்டைகளும் ஒரே கூடையில் உங்களிடம் வருவது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. முதியவரைப் பராமரிப்பதும் ஓ பேரின் வேலையில் சேராது. அப்பம்மா என்று எழுதியிருக்கிறீர்கள்; அந்தச் சொல்லிலேயே உங்கள் மனம் தெரிகிறது. அவரோடு அமர்ந்து கோப்பி குடியுங்கள், அவருடைய பழைய புகைப்படங்களைப் பாருங்கள். உங்கள் டொச் மொழிக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார், ஏனென்றால் அந்த வீட்டில் அவசரமில்லாமல் கதைப்பவர் அவர் ஒருவர்தான். அது அன்பு. வெள்ளிக்கிழமை தோறும் அவர் வீட்டு நிலத்தைத் துடைப்பது மணித்தியாலக் கணக்கில் ஏறவேண்டிய உழைப்பு. அந்த உழைப்பும் ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ளது.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன்; கோபிக்க வேண்டாம். அந்தச் சட்டைக் கூடை முதன்முதல் வந்த நாளில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? என்னுடைய ஊகம் சரியென்றால், ‘பரவாயில்லை’ என்று சொல்லியிருப்பீர்கள். சிலவேளை, அவர்கள் கேட்பதற்கு முன்னரே, சும்மா இருக்கக் கூச்சப்பட்டு நீங்களே எடுத்தும் அழுத்தியிருப்பீர்கள். நம்முடைய வளர்ப்பு அப்படி: பிறத்தியார் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் பெண்பிள்ளையை நாம் மெச்சுவதில்லை. அங்கே அதைப் பார்த்தவர்கள், இந்தப் பிள்ளைக்கு உடுப்பு அழுத்துவது விருப்பமாக்கும் என்று நினைத்துவிடுவார்கள். எல்லாக் குடும்பங்களும் நல்லவை என்று சொல்ல நான் வரவில்லை; தெரிந்துகொண்டே சுரண்டுகிற வீடுகளும் உண்டு, அவற்றைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பவர்கள், சொல்லாததை விளங்கிக்கொள்ளத் தெரியாத மனிதர்களாகத்தான் எனக்குத் தெரிகிறார்கள். முகத்தைப் பார்த்து மனத்தை அறிந்துகொள்ளும் பழக்கத்தை அவர்களிடம் எதிர்பார்த்தால் ஆண்டு முழுவதும் அழவேண்டியிருக்கும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு சிறிய கொப்பி வாங்கி, இரண்டு கிழமைக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ன செய்தீர்கள் என்று நாள்தோறும் எழுதுங்கள்: ‘7.00 – 8.15, பையனைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தல், 13.00 – 14.00, சின்னவளைப் பாலர் பாடசாலையிலிருந்து கூட்டிவருதல்’ என்ற அளவில் போதும். பிறகு, பிள்ளைகள் உறங்கிய ஒரு மாலையில் அரை மணித்தியாலம் கதைக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள் குறித்துக் கதைப்பது அங்கே சண்டைக்கான அறிகுறி ஆகாது. அது அவர்களுக்குப் பழக்கமான ஒழுங்கு. கொப்பியையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எண்கள் கதைக்கத் தொடங்கியதும் உங்கள் டொச் தடுமாறினாலும் பாதகமில்லை. எந்த வேலை இனி என்னுடையது, எது என்னுடையதன்று என்று இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். குரலை உயர்த்தவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்கவும் வேண்டாம்.

அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்லியிருந்தால் தயங்காமல் அழையுங்கள். அம்மாவின் வயதுடைய ஒருவரைப் பெயர் சொல்ல நாக்கு எழாது என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அங்கே ஒருவரின் மூன்றெழுத்துப் பெயரைச் சொல்ல மூன்று மாதம் பிடித்தது. தங்களை ‘டூ’ என்று அழைக்கும்படி அவர்கள் உங்களிடம் சொன்னால், வீட்டு ஆளாக ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள். அதே ‘டூ’வைப் பையனின் ஆசிரியையிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ கொண்டுபோகாதீர்கள், அங்கே ‘ஸீ’தான். நம்முடைய நீ, நீங்கள் வேறுபாட்டைப் போன்றதுதான். வயதைவிட நெருக்கத்தைப் பார்த்து மாறும் என்பதே வித்தியாசம்.

பையனுடைய சொல் உங்களைச் சுட்டிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு நீங்கள் ஏழு வாரப் பழக்கம். இதற்கு முன்னரும் ஓ பேர்கள் அந்த வீட்டில் இருந்திருந்தால், அவன் பழகிய ஒருவர் ஏற்கெனவே பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். ‘உண்மைதான், நான் உன் அம்மா இல்லை, ஆனால் அம்மா வரும்வரை வீதியைக் கடக்கும்போது நான் சொல்வதைத்தான் நீ கேட்க வேண்டும்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இனிப்பு எத்தனை, தொலைக்காட்சி எவ்வளவு நேரம், எத்தனை மணிக்குப் படுக்கை என்பவற்றைப் பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பையன் உங்களைச் சோதிக்கப்போவது அந்த மூன்றில்தான். சின்னவளுக்குப் பின்னால் கோப்பையோடு ஓடி ஊட்டிவிடாதீர்கள். அவள் தானே சாப்பிடட்டும்; பாதியில் எழுந்தால் எழும்பட்டும். பிள்ளையின் மேல் கைவைக்கவே கூடாது. விளையாட்டுக்குக்கூட ‘அடி விழும்’ என்று சொல்லாதீர்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து ஜேர்மனியில் பெற்றோரே தம் பிள்ளையை அடிப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. நாம் தலையில் குட்டு வாங்கி வளர்ந்தவர்கள் என்பதை அங்கே கதையாகக்கூடச் சொல்லாமலிருப்பது நல்லது.

இரவு அழுகைக்கு என்னிடம் மருந்தில்லை. வந்து ஏழாவது, எட்டாவது வாரத்தில் அது வரும். புதுமை தீர்ந்து, பழக்கம் இன்னும் வராத இடைவெளி அது. குளிர்காலமும் சேர்ந்தால் இன்னும் கடினம். மூன்ஸ்டர்ப் பக்கத்தில் மார்கழி மாதத்தில் பின்னேரம் நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், இரணைமடுக் குளக்கட்டில் நின்று வெயிலைத் திட்டியவர்களுக்கு அது பெரிய தண்டனை. பகல் வெளிச்சம் இருக்கும்போது, பிள்ளைகள் பள்ளியில் உள்ள நேரத்தில், ஒரு மணித்தியாலம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். மொழி வகுப்பை எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடாதீர்கள். அங்கே உங்களைப் போலவே கொலம்பியாவிலிருந்தும் ஜோர்ஜியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களோடு பிழையான டொச்சில் கதைத்துச் சிரிப்பது, வீட்டாரோடு சரியான டொச்சில் கதைக்க முயல்வதைவிட எளிது. அம்மன் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் உங்களுக்குத் தூரமில்லை; வற்றாப்பளைப் பொங்கலின் நெரிசலைத் தேர்த்திருவிழாவில் அங்கே காணலாம். ஆனால் கிழமை தோறும் தமிழ் வீடுகளிலேயே ஓய்வு நாளைக் கழித்துவிடாதீர்கள். ஓராண்டு முடிகிறபோது ஏ1 ஏ1ஆகவே இருந்துவிடும்.

கதைத்த பின்னரும் மாற்றமில்லையென்றால் உங்களை அனுப்பிய முகவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஒப்பந்தத்தை இரு தரப்பும் இரண்டு கிழமை முன்னறிவித்தலோடு முடித்துக்கொள்ளலாம். எஞ்சிய மாதங்களுக்கு வேறு குடும்பத்துக்கு மாறவும் முடியும், வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அதை அறிவிக்க வேண்டும். கடவுச்சீட்டு எப்போதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பத்திரமாக வைக்கிறோம் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உங்கள் அறைக்குள் யாராவது அனுமதியின்றி வந்தாலோ, தொட்டாலோ, மிரட்டினாலோ, முன்னறிவித்தல் எதுவும் தேவையில்லை, உடனே வெளியேறலாம். பெண்களுக்கான உதவி எண் 116 016. இரவும் பகலும் இலவசமாக, பல மொழிகளில் பதில் சொல்வார்கள். பொலிஸுக்கு 110, அவசரத்துக்கு 112.

உங்கள் அப்பாவுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஐயா, 280 யூரோ என்பது ஒரு பிள்ளையின் கைச்செலவு. சப்பாத்துக்கும் பஸ்ஸுக்கும் கைபேசிக்கும் போன பின் அதில் கடன் அடைக்க மீதி இராது. அந்த ஆண்டின் வருமானம் மொழிதான். ஏ1 கொண்டு போனவள் அதற்கு இரண்டு படி மேலான பி1 எடுத்துவிட்டால், தாதியர் பயிற்சி போன்ற தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு அங்கே உண்டு. பயிற்சிக்காலத்திலேயே ஊதியம் கிடைக்கும். அவளைக் கடனை நினைவூட்டி இருத்திவைத்தால், நடந்ததை உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவாள். அதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு வயது 19. டோட்முண்டில் இருக்கும் என் தங்கையின் மகன் வீட்டில் இரண்டு குழந்தைகள். அங்கே ஓ பேராக அனுப்பலாம், வீசா நிச்சயம், மாதம் 2,000 யூரோ உழைக்கலாம் என்று ஒருவர் சொல்லி 15 இலட்சம் ரூபாய் கேட்கிறார். வயலை ஈடு வைக்கலாமா? – ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: வைக்க வேண்டாம், அம்மா. அவர் சொன்ன மூன்றும் பிழை. ஓ பேர் போகிறவர் அந்த வீட்டாருக்கு உறவினராக இருக்கக்கூடாது. மேலும், அந்த வீட்டில் டொச்சைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர் ஒருவராவது இருக்க வேண்டும், அல்லது டொச் வீட்டுமொழியாக இருக்க வேண்டும். டொச் அவர்களுடைய தாய்மொழியாக இல்லாமல் வீட்டுமொழியாக மட்டும் இருந்தால், அவர்களுடைய பிறந்த நாட்டிலிருந்தே ஓ பேரை அழைக்க முடியாது. உங்கள் பெறாமகன் வீட்டில் எல்லோரும் டொச்சிலேயே கதைத்தாலும், இலங்கையிலிருந்து போன குடும்பத்துக்கு இலங்கைப் பிள்ளை ஓ பேராகப் போக வழியில்லை. தூதரகத்தில் உறவை மறைத்துச் சொல்லச் சொல்வார்கள். அது பிடிபட்டால் மகளின் பெயரில்தான் குற்றம் பதியும், தரகரின் பெயரில் பதியாது.

2,000 யூரோ பற்றி மேலே எழுதியதை வாசித்துப் பாருங்கள். கட்டணத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன்: ஜேர்மனியில் முகவர் ஒருவர் ஓ பேரிடமிருந்து வாங்கக்கூடிய உச்சத் தொகை 150 யூரோ என்று அங்கே விதியிருக்கிறது. தேசிய வீசாவுக்கான கட்டணம் 75 யூரோ. விமானச் சீட்டு, கொழும்பில் தங்கிப் படிக்கும் செலவு, டொச் பரீட்சைகளை நடத்தும் கதே நிறுவனத்தின் பரீட்சைக் கட்டணம் ஆகியவை உண்மையான செலவுகள். பெரிய செலவுகள்தான், ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் உங்கள் கையில் பற்றுச்சீட்டு கிடைக்கும். பற்றுச்சீட்டுத் தராமல் யாராவது இலட்சக்கணக்கில் கேட்டால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற எண்ணுக்கு அழைத்து, இவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். வயலை ஈடு வைத்தவர்களுள் காலபோகத்துக்கு முன்னர் மீட்டவர்களை நான் அதிகம் காணவில்லை. மகள் உண்மையாகவே போக விரும்பினால், இன்றைக்கே டொச் படிக்கத் தொடங்கட்டும். வீசா நேர்முகத்தில் அதிகாரி அவளிடம்தான் டொச்சில் கேள்வி கேட்பார்.

கேள்வி: ஆண்பிள்ளைகள் ஓ பேராகப் போகலாமா? எனக்கு வயது 25. – வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: போகலாம், தடையேதும் இல்லை. ஜேர்மனிக்கு வீசா விண்ணப்பிக்கும் நாளில் 27 வயதாகியிருக்கக்கூடாது; ஆகவே உங்களுக்குக் காலம் குறைவு. பிரான்சில் 30 வயது வரை இடமுண்டு, அங்கே கிழமைக்கு 25 மணித்தியாலம். ஆனால் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். நோர்வே 2024 பங்குனியோடு புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. பிரித்தானியாவில் ஓ பேருக்கென்று தனி வீசா இல்லை. மற்றொன்று: பையன்களை எடுக்கத் தயங்கும் குடும்பங்கள் அங்கேயும் உண்டு. ஊரில் உதைபந்தாட்டம் பழக்கியதோ, முன்பள்ளியில் உதவியதோ, தம்பி தங்கைகளை வளர்த்ததோ உங்களிடம் இருந்தால் அதை விண்ணப்பத்தில் விரிவாக எழுதுங்கள். சமைக்கத் தெரியாதென்றால் போவதற்கு முன்னர் அம்மாவிடம் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜேர்மனியில் ஓ பேராக இருக்கும் மகள் நான் இரவு எட்டு மணிக்கு அழைத்தால் எடுப்பதேயில்லை. எடுத்தாலும் ‘பிறகு கதைக்கிறேன்’ என்று வைத்துவிடுகிறாள். மாறிவிட்டாளோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. – ஒரு தாய், முள்ளியவளை

பதில்: மணிக்கூட்டைப் பாருங்கள், அம்மா. குளிர்காலத்தில் ஜேர்மனி நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னே. பங்குனிக் கடைசி ஞாயிறு முதல் ஐப்பசிக் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணித்தியாலம். நீங்கள் இரவு எட்டுக்கு அழைக்கும்போது அங்கே பின்னேரம் மூன்றரை அல்லது நாலரை. பிள்ளைகளைக் கூட்டிவந்து, சப்பாத்தைக் கழற்றி, பழம் வெட்டிக் கொடுத்து, சண்டையை விலக்கும் நேரம் அது. ஒரு நாளில் அவளுக்குக் கைகள் இரண்டும் போதாத நேரம் இருந்தால் அது இதுதான். கையில் கைபேசியோடு நிற்பதை அந்த வீட்டார் கண்டால் அவளுக்குத்தான் சங்கடம்.

அங்கே காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் போன பின்னர் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கும். அது நமக்குக் குளிர்காலத்தில் மதியம் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. உலையை இறக்கிவிட்டு, மதியச் சோற்றோடு இருந்து அழையுங்கள். எந்த நாள் அவளுக்கு வகுப்பு என்பதை மட்டும் முதலில் கேட்டு, நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.